தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளை

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டுப் போன பிறகு, ஏரல் பள்ளிக்கூடத்து வெள்ள நிவாரண முகாமில் இருந்த சின்னப் பிள்ளைகள் பறக்கத் தொடங்கினார்கள். முதலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழைத்தோட்டமெல்லாம் மணல் மூடிக் கிடந்தது, கூலி வேலை கிடையாது, அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, பிள்ளைகளும் ஏறினார்கள். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு மிதந்தவர்கள் மார்கழி பிறக்கும்போது இன்னும் மெலிந்து ஜன்னல் உயரத்துக்குப் போய்விட்டார்கள். தாய்மார்கள் அரைஞாண் கயிற்றில் சேலைக் கிழிசலை முடிந்து, மறு நுனியை அம்மிக்குழவியில் கட்டிவிட்டுக் கஞ்சி வரிசைக்குப் போனார்கள். வெள்ளம் குழவிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதால் ஒரு குழவிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்று பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கயிறுகள் சிக்கிக்கொண்டால் அம்மாக்களும் சிக்கிக்கொண்டார்கள், சண்டைக்குக் கேட்க வேண்டுமா. மேலே இருந்த பிள்ளைகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை, பாவம்.

பறக்கும் பிள்ளைகளை எண்ணி அனுப்பும்படி நிவாரண அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஏரலுக்கு வந்தவர் குமரகுருபரன், சுகாதார ஆய்வாளர், திருநெல்வேலி டவுன்காரர். தாத்தா காலத்தோடு நஞ்சையெல்லாம் கைமாறிப்போய், வீட்டில் மிஞ்சியது விபூதி வைக்கிற மரவைக் கிண்ணமும் கௌரவமும்தான். இரண்டையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அண்ணாந்து அண்ணாந்து பிள்ளைகளை எண்ணியதில் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கழுத்தை இறக்கித் தடவிக்கொண்டபோதுதான், கட்டாமலேயே தரையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தார். ஆப்பம் மாதிரி உப்பிய முகம், மொழுமொழுவென்ற கை கால். கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்து பாதிதான் தெரிந்தது. குமரகுருபரன் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். தன் கண்ணே பட்டுவிடக்கூடாது என்று காதோரம் விரல் மடக்கி நெட்டி முறித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கொழுத்த பிள்ளையை முழுசாகப் பார்ப்பது இந்தப் பக்கத்தில் மரியாதைப்பட்டவர் செய்கிற காரியமில்லை. முகாமில் எல்லாரும் மரியாதைப்பட்டவர்களாக இருந்ததால் அந்தப் பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

பிள்ளையின் பெயர் பேச்சி. அம்மா மாரிக்கண்ணு நாற்று நடுகிறவள். புருஷன் செத்து வருஷம் திரும்பிவிட்டது, அவளுக்கென்று இருந்தது இந்தப் பிள்ளை ஒன்றுதான். மற்ற பிள்ளைகளெல்லாம் கூரை ஓட்டைத் தொடும்போது தன் பிள்ளை மட்டும் தரையில் கல்லாக உட்கார்ந்திருந்ததில் மாரிக்கண்ணுவுக்கு உள்ளூரப் பெருமை. பெருமை கூடக்கூடப் பயமும் கூடியது. கன்னத்தில் ஒரு மை, நெற்றியில் ஒரு மை, உள்ளங்காலில் ஒரு மை என்று வைத்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் முந்தானையால் மூடினாள். பேச்சி அழுவதில்லை, சிரிப்பதுமில்லை. கஞ்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சமத்துப் பிள்ளை, வயிறு நிறைஞ்ச பிள்ளை என்று பக்கத்துப் பாய்க்காரிகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மணப்பாட்டுக்கு ஃபிளோரா வந்தாள். சோமாலியாவில் பஞ்ச முகாமில் நர்ஸாக இருந்தவள், கிறிஸ்துமஸ் லீவில் அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். ஏரலில் பிள்ளைகள் பறக்கிறார்களாம் என்று மீன் விற்கிறவள் சொன்னபோது, அவள் ஆச்சரியப்படாமல் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். விஷயம் அதிகாரிகள் காதுக்குப் போக, வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வகுப்பு ஏற்பாடானது. மார்கழியில் கல்யாணம் கிடையாதே, மண்டபம் சும்மாதான் கிடந்தது. ஆய்வாளர்கள், நர்ஸ்கள், பால்வாடி டீச்சர்கள் எல்லாரும் பந்திப் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர்கள் சிலர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முறைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார்கள்.

ஃபிளோரா சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட, கைப் பருமனை அளக்கிற ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினாள். பறக்கிற உயரத்தை வைத்துத் தரம் பிரிக்கக்கூடாது என்பதுதான் அவளுடைய முதல் பாடம். "காத்தடிச்சா பாதி மெலிஞ்ச பிள்ளையும் உசரப் போவும். கயித்தைப் பிடிச்சு பைய இறக்குங்க. இடது மேல்கையில பட்டையைச் சுத்துங்க. சிவப்பு வந்தா அன்னைக்கே வைத்தியம். மஞ்சள் வந்தா தனிச் சத்துணவு. அங்கன பிள்ளையள ஒட்டகத்துல கட்டிப் போட்டிருப்பாவ. அந்த ஒட்டகமே மெலிஞ்சு பறந்து போனதை என் கண்ணால பாத்திருக்கேன்" என்றாள். டாக்டர் ஒருவர் ஒட்டகத்துக்கு எந்த நிறம் வந்தது என்று கேட்க, மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவரும் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்து பக்கத்துக்காரரின் கையை அளந்தார்.

கடைசி நாள் காலையில் மண்டபத்துச் சமையல்காரரிடம் சொல்லிக் கொழுக்கட்டை மாவு பிசையச் செய்து, ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தாள். கட்டைவிரலால் அமுக்கி, மூன்று எண்ணி எடுக்கச் சொன்னாள். மாவில் குழி விழுந்து, விழுந்தபடியே நின்றது. "ரெண்டு புறங்காலிலயும் இப்படிக் குழி நின்னா அது சதையில்ல, நீரு. பட்டை பச்சை காட்டினாலும் நம்பாதிய. பறக்குத பிள்ளைய ஊரே பாக்கும். நீர் கோத்த பிள்ளை தரையில கெடக்கும், மொழுமொழுன்னு இருக்கும். அதுதான் முதல்ல சாவும்" என்றாள். அவள் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

குமரகுருபரன் தன் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சதைக்குள் புதைந்த கறுப்புக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்துவிட்டார்.

"எங்க சார் எந்திச்சுப் போறிய? இன்னும் டீ வரலையே."

"ஏரலுக்கு, சிஸ்டர்" என்றார். கையைக்கூடக் கழுவவில்லை. ரோடு அரித்துப் போயிருந்ததால் பாதி வழி பஸ், மீதி வழி நடை. வழியெல்லாம் தான் முறித்த நெட்டியை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

முகாமில் அவர் வந்து நின்றதும் மாரிக்கண்ணு பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பறக்குத பிள்ளையெல்லாம் கெடக்கு, எம் பிள்ளைய எதுக்கு சார் பாக்கிய? அன்னைக்கே ஒங்க கண்ணு பட்டிருக்கும். போங்க சார் அங்கிட்டு."

வேறு சமயமாக இருந்தால் குமரகுருபரனுக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தன் புறங்காலைத் தானே அமுக்கிக் காட்டினார், குழி விழவில்லை. "நான் தொடல தாயீ. நீயே அமுக்கிப் பாரு. ஒண்ணும் இல்லன்னா நான் இப்படியே திரும்பிப் போயிருதேன்" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவள் முந்தானையை விலக்கிப் பிள்ளையின் காலில் விரலை வைத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதில் தண்ணீர் ஊறி நிறைந்தது. நல்ல தெளிந்த ஆற்றுத் தண்ணீர். அதற்குள் நூல் கனத்தில் ஓர் அயிரை மீன் ஒரு சுற்று சுற்றியது. எல்லா ஊரையும் விட்டு வடிந்த தாமிரபரணி பேச்சியை விட்டு மட்டும் வடியாமல் நின்றிருந்தது. மாரிக்கண்ணு அந்த மீனையே பார்த்தாள். பிறகு பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கன போவணும்னு சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே ஃபிளோரா வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தின் ஓர் அறையை ஒழித்து, பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து, மருந்தோடு சேர்த்துச் சங்கு சங்காகப் புகட்டச் சொன்னாள். செய்தி கேட்டு, கடைத்தெரு முகம்மது சுல்தான் அண்ணாச்சி ஒரு தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்தார். "இப்ப இதைக் குடுத்தா பிள்ளை தாங்காது அண்ணாச்சி. பைய, பைய" என்று அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். திருப்பிக் கொண்டுபோக மனசில்லாமல் அதை அண்ணாச்சியும் குமரகுருபரனும் காவல் இருந்தவர்களும் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாரிக்கண்ணுவுக்கும் ஓர் இலை போனது. உள்ளே, பேச்சியின் பாயிலிருந்து தண்ணீர் கசிந்து, தாழ்வாரம் இறங்கி, வாய்க்கால் பிடித்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அயிரை மீனும் அதோடு போனது. ஆப்பம் முகம் ஒட்டி எலும்பு தெரிந்தது. கணுக்காலில் கறுப்புக் கயிறு தொளதொளத்தது.

தை அமாவாசையன்று காலையில் பேச்சி பாயை விட்டு மேலே கிளம்பினாள்.

மாரிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு, எம் பிள்ளையும் போச்சே என்று அலறினாள். ஃபிளோரா கை தட்டினாள். "நீரு போயிட்டு, அக்கா. இப்பத்தான் இவளோட சொந்த எடை தெரியுது. இனிமே சோறு ஒட்டும்." கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டம் ஜன்னலில் முண்டியது. ஓட்டில் தலை இடிக்கிற உயரத்தில் நின்றுகொண்டு பேச்சி கீழே பார்த்தாள். வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாய் திறந்தது.

"எம்மா, பசிக்கு."

குமரகுருபரன் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதை ஆராய்வது போலத் திரும்பி நின்றுகொண்டார். ஆனால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஏணி வைத்து ஊட்டினார்கள். சிவப்பில் இருந்தவர்கள் மஞ்சளுக்கும், மஞ்சளில் இருந்தவர்கள் பச்சைக்கும் வர வர, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். குழவிகள் அம்மிக்குத் திரும்பிப் போயின. பேச்சிதான் கடைசி. பங்குனியில் ஒரு மத்தியானம் அவள் இரண்டு காலும் தரையில் பட்டபோது மாரிக்கண்ணு பிள்ளையின் கன்னத்து மையை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஊரைக் கூப்பிட்டாள். "எல்லாரும் வாங்க. எம் பிள்ளைய நல்லா பாருங்க. கண்ணு முழிச்சுப் பாருங்க. பாக்காம விட்டதுக்குத்தான் எங்கிட்ட இருந்து போவப் பாத்தா." எல்லாரும் பார்த்தார்கள். முதல் ஆளாக, கண்ணைக் கொட்டாமல் பார்த்தவர் குமரகுருபரன்.

ஃபிளோரா லீவை நீட்டித்து நீட்டித்து, கடைசியில் ஒட்டகங்களிடமே திரும்பிப் போனாள். ஏரலில் இன்றைக்கும் கொழுகொழு பிள்ளையைக் கண்டால் முதலில் இரண்டு காலையும் அமுக்கிப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் நெட்டி முறிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துத் தங்கள் பிள்ளைகளின் காலையும் நீட்டுவதுண்டு. பேச்சி பள்ளிக்கூடம் போகிறாள், நல்ல எடை. இருந்தாலும் ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் மாரிக்கண்ணு அவள் புத்தகப் பையில் ஒரு கல்லைப் போட்டுத்தான் அனுப்புகிறாள்.