தட்டு வைத்த விமானம்

கஸ்பர் மாஸ்டர் வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. கிட்டத்தில் நின்று பார்த்ததும் இல்லை. பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முக்கால்வாசி நாள் வானமே தெரியாது, மூட்டம்தான். இருந்தும் எண்பத்தொன்பதாம் ஆண்டு பிறந்ததிலிருந்து அவருக்கு விமானத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ராடாருக்கே தெரியாத ஒரு போர் விமானத்தை அமெரிக்காக்காரன் செய்துவிட்டான் என்று, மங்கலான ஒரு படத்தோடு பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில், சலூனில், ஒரு சாவு வீட்டில்கூட விளக்கினார்.

அவர் மனைவி டோரீனுக்குச் சலித்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாத பிளேன் கெடக்கட்டுங்க. ஒங்க மூக்குக்கண்ணாடி அரிசி வாளிக்குள்ள கெடக்கு. அது மொதல்ல தெரியுதான்னு பாருங்க" என்றாள்.

டோரீனின் தங்கை ஜோசப்பின் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். சவூதியில் மூன்றரை வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு டிசம்பரில் திரும்பியவள். அக்காள் புருஷனைக் கிண்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. "தெரியாத பிளேன எப்படி அத்தான் படம் புடிச்சாங்க?" என்று ஒன்றும் அறியாதவள்போல் கேட்டாள்.

"ராடாருக்குத்தான் தெரியாது. கமராவுக்குத் தெரியும்" என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவனிடம், ரியாத்தில் தரை துடைத்துவிட்டு வந்தவள் கேள்வி கேட்பதா என்ற எண்ணம் அவருக்குள் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. முகம்தான் சொல்லிக்கொண்டே இருந்தது.

தோட்டத்து வாலிபர் சங்கம் அவரை ஒரு சொற்பொழிவுக்குக் கூப்பிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு, தேயிலை அரைக்கும் பழைய ஸ்டோரில் கூட்டம். இயந்திரங்களெல்லாம் புது ஸ்டோருக்குப் போய்விட்டதால் கீழே உட்கார வாங்குகளைப் போட்டிருந்தார்கள். முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடியில் பாதி மட்டும் இடியாமல் நின்றது.

மாஸ்டர் ஒரு வாரம் பாடுபட்டிருந்தார். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை உரித்து, மட்டையில் ஒட்டி, இரண்டு விமானங்கள் செய்தார். ஒன்று சாதாரண விமானம், உருண்டை வயிறு. மற்றது படத்தில் பார்த்த மறைவிமானம். தட்டையான துண்டுகளை மூலைமூலையாகச் சரித்து ஒட்டியது. இரண்டையும் உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிட்டு, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்.

"இந்த டோர்ச்சுதான் ராடார்னு வைங்க" என்று முதல் விமானத்தின்மேல் வெளிச்சத்தை அடித்தார். அது பளபளத்தது. "வெளிச்சம் திரும்பி நம்மகிட்ட வருது. அதனால கண்டுபிடிச்சிர்றோம். இப்ப இதப் பாருங்க." இரண்டாவதன்மேல் அடித்தார். அது கரிக்கட்டைபோல் மங்கித் தொங்கியது. "சரிவுல பட்ட வெளிச்சம் வேற பக்கம் ஓடிருது. ராடார் குருடு!"

கைதட்டல் கூரைத் தகரத்தை அதிரவைத்தது. ஸ்டோரில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த ஆண்டியப்பன் எழுந்தான். "அப்ப இத யாராலயுமே புடிக்க முடியாதுங்களா சேர்?"

"யாராலயும் முடியாது" என்று மாஸ்டர் அடித்துச் சொன்னார்.

"எனக்கு நல்லாத் தெரியுதே அத்தான்" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

கீழே இடம் கிடைக்காமல் ஜோசப்பின் மேல்மாடியில் போய் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரின் டோர்ச் பாதியில் செத்துப்போகும் என்று உறுதியாக நம்பிய டோரீன் இன்னொரு டோர்ச்சை அவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். அதை மறைவிமானத்தின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள் ஜோசப்பின்.

"எங்களுக்குத் தெரியலியே" என்றார்கள் கீழே இருந்தவர்கள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் என்கிட்டல்ல திரும்பி வருது. ஏறி வந்து பாருங்க."

ஆண்டியப்பன் படிகளில் தடதடவென ஏறினான். "ஆமா சேர்! கண்ணு கூசுது!" என்று அவன் கத்தியதும் பாதிச் சனம் எழுந்து ஏணிப்படிக்கு ஓடியது.

மாஸ்டருக்குக் காது சூடேறிவிட்டது. "ராடார் தரையில இருக்கிற சாமான்! மாடியில ஏறி ஒக்காராது!"

"ஏன் அத்தான், பிளேன்லயே வச்சுத் தூக்கிக்கிட்டுப் போறாங்களே? முதுகுல தட்டு வச்ச பிளேன். ரியாத்ல தெனமும் பாத்திருக்கேன்."

வானத்தில் பறந்துகொண்டே தேடும் ராடார் விமானங்களைப் பற்றி மாஸ்டருக்குக் கிடைத்திருந்தது பத்திரிகையின் இரண்டே வரி. கொப்பியில் அதற்குக் கீழே, குடை கவிழ்த்த மாதிரி ஒன்றைத் தானே யோசித்து வரைந்து வைத்திருந்தார். கையிலிருந்த டோர்ச்சை வாங்கில் போட்டுவிட்டுப் படியேறினார். சனம் விலகி வழிவிட்டது. ஜோசப்பின் டோர்ச்சை அவர் கையில் கொடுத்தாள். மேலேயிருந்து அடித்துப் பார்த்தார். தான் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த மறைவிமானம் அவரைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தது.

"அந்தத் தட்டு... எப்படி இருக்கும்?" என்று கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"கறுப்புத் தட்டு அத்தான். நடுவுல குறுக்க வெள்ளப் பட்டி. அது சுத்தும்."

"சுத்துமா?"

"சுத்தும். துணி காயப்போட மொட்டமாடிக்குப் போவேன்ல, அப்பத்தான் தலைக்கு மேல தாழப் போகும். பட்டிய வச்சுக் கண்டுபிடிச்சேன். ஒரு சட்டைய ஒதறிக் கொடியில போட்டுக் கிளிப்பு மாட்றதுக்குள்ள ஒரு சுத்து."

"எதுக்கு மேல தூக்கிட்டுப் போறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?" பரீட்சைக்காகக் கேட்டதல்ல; உண்மையாகவே கேட்டார்.

"எங்க மேடத்தோட வீட்டுக்காரரு அமெரிக்காக்காரரு, அந்த விமானப்படைக் காம்புலதான் வேல. சாப்பாட்டு மேசையில மகனுக்குச் சொல்லுவாரு. தரையில இருந்தா மலை மறைச்சிருமாம், தாழ வர்றது தெரியாதாம். மேல போனா ரொம்ப தூரத்துக்குத் தெரியுமாம். இங்கிலீசு பாதிதான் வெளங்கும். மீதிய அவரு கரண்டியையும் உப்புப் போத்தலையும் வச்சுக் காட்டுவாரு. பரிமாறிக்கிட்டே கேட்டுக்குவேன்."

ஆண்டியப்பன் விடுவதாக இல்லை. "அப்ப அந்தத் தட்டுப் பிளேன் இந்தத் தெரியாத பிளேனப் புடிச்சிருமா சேர்?"

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் டோர்ச்சை ஒருமுறை அணைத்து ஏற்றினார். "புடிக்கலாம். இது மட்டை, டோர்ச்சு. அது நெசப் பிளேன். ராடார் அலை எல்லாம் வெளிச்சம் மாதிரியே இருக்காது. நிச்சயமா... எனக்குத் தெரியாது."

கஸ்பர் மாஸ்டர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்ததை அந்தத் தோட்டம் கேட்டது அன்றைக்குத்தான். முன்னைவிடப் பெரிதாகக் கைதட்டினார்கள். அது பாராட்டா கேலியா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஆண்டியப்பன் அவரை எங்கே கண்டாலும் தலைக்கு மேலே ஒரு விரலைச் சுழற்றி, "தட்டு சுத்துதுங்களா சேர்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

கூட்டம் முடிந்த அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் மாஸ்டர் கொப்பியைத் திறந்துகொண்டார். தட்டு எவ்வளவு அகலம், எத்தனை இன்ஜின், பட்டி எத்தனை விரல் பருமன் என்று அவர் கேட்கக் கேட்க ஜோசப்பின் சொல்லிக்கொண்டே போனாள். "புள்ளையத் திங்க விடுங்க" என்று டோரீன் இரண்டு தடவை அதட்டினாள்.

"இத்தன நாளா ஏன் நீ இதச் சொல்லல?" என்றார் மாஸ்டர்.

"நீங்க எங்க கேட்டீங்க? எல்லாரும் கேட்டது தங்கம் என்ன வெல, பேரீச்சம்பழம் கொண்டாந்தியான்னுதான். நீங்க கேட்டது, அங்க ரொம்ப வெயிலான்னு. ஒரே ஒரு தடவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டு மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள். மாஸ்டர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "அங்க ஒனக்குச் சாப்பாடெல்லாம் ஒழுங்காக் குடுத்தாங்களா ஜோசப்பின்?" என்றார்.

ஜோசப்பினின் கை தட்டத்தில் அப்படியே நின்றது. "அமெரிக்காக்காரங்க வீட்டுல குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எட்டு மாசம் வேற ஒரு வீடு" என்றாள். டோரீன் அகப்பையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவளுக்கும் தெரியாது.

ஜோசப்பின் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இடையில் இரண்டு இடத்தில் அழுதாள், ஓர் இடத்தில் சிரித்தாள். மாஸ்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. பிறகு லயத்து வீடுகளில் யாராவது விமானத்தைப் பற்றி விசாரித்தால், தன் புருஷன் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அதிசயத்தைத்தான் டோரீன் முதலில் சொல்லுவாள்.