மஞ்சள் டேலியா யாருக்கு

கிழங்கின் ருசியில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. முள்ளங்கிக்கும் உருளைக்கும் நடுவில் எதுவோ என்று நினைத்தார், அவ்வளவுதான். வெண்ணெயில் வதக்கி மிளகு தூவினால் எதுவும் தொண்டையில் இறங்கிவிடும். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சமையலறைக்குள் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, கைத்துண்டு காயப்போடும் கொடியில், நான்கு துணிக்கீற்றுகள் வரிசையாகத் தொங்கின. சிவப்பு, வெள்ளை, ஊதா, ரோஸ். நன்றாக அலசிப் பிழிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் மாட்டியிருந்தது.

அவர் மெல்வதை நிறுத்தவில்லை. விழுங்கவும் இல்லை.

அந்தத் துணிகளைக் கிழித்துக் கட்டியவர் அவர்தான். வேலையில் லிஃப்டுக்கு மேலே ஓடும் ஒயர்களுக்கு அடையாளம் கட்டிக் கட்டி, எதைப் பார்த்தாலும் அடையாளம் கட்டும் பழக்கம் வந்துவிட்டது. மனைவியின் டேலியாச் செடிகளுக்கும் அப்படித்தான். பூ இருக்கும்வரை எது எந்த நிறம் என்று குழந்தைக்கும் தெரியும். உறைபனி விழுந்து செடி கறுத்தபிறகு, கிழங்கைத் தோண்டி வெளியே போட்டால் எல்லாம் ஒரே மண்ணுருண்டை. அதனால் பூக்கும்போதே தண்டில் அந்தந்த நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுவார். குளிர்காலம் முழுக்கக் கிழங்குகள் துணியோடு வீட்டுக்குள் உறங்கும். குளிர் போனதும் மறுபடி மண்ணுக்குள் போகும்.

வழக்கமாக உறங்குகிற இடம் பின்கட்டில் இருக்கும் ஷெட். இந்த வருஷம் ஷெட்டில் எலி. நேற்று கிழங்குகளைத் தோண்டிக் கழுவித் துடைத்தவர், யோசித்துப் பார்த்து, வீட்டிலேயே காற்றோட்டமான, ஈரமில்லாத, எலி வராத இடம் எது என்று கண்டுபிடித்து அங்கே வைத்தார். அது சமையலறையில் இருந்த காய்கறிக் கூடை.

காலையில் மனைவி தன் அக்காவைக் கூட்டி வர பஸ் நிலையத்துக்குப் போயிருந்தாள். இவர் மொட்டைமாடிக் குழாயில் அடைத்திருந்த இலைகளைக் கம்பிவிட்டுக் குத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "மாமா, மதியத்துக்கு நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி கேன்டீனில் அத்தனை நோயாளிகளுக்கும் சமைக்கிறவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இவர் தலையைத் திருப்பாமல், "கூடையில என்ன இருக்கோ அதைப் பண்ணுங்க" என்றார்.

இப்போது வாய் நிறைய அந்த வார்த்தைகளோடு உட்கார்ந்திருந்தார்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். அவர், மனைவி, மகள், மாப்பிள்ளை, பிறகு மனைவியின் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. அவளைவிட வயதில் மூத்த இவருக்கும் பெரியம்மாதான். வருஷத்தில் ஒருமுறை, டேலியா தோண்டியபிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, கிழங்குகளைப் பங்கு பிரிக்க வருவாள். கல்யாணத்துக்கு முன் அக்காவும் தங்கையும் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போன நாளில் வாங்கிய கிழங்குகள் அவை. இருவரும் சேர்ந்து வாங்கியது என்பாள் தங்கை. நான்தான் வாங்கினேன், இவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பாள் அக்கா. மற்றபடி அவர்கள் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. டேலியா இல்லாவிட்டால் அந்த ஒரு ஞாயிறும் இல்லை.

அதைக்கூட அவர் எப்படியாவது சமாளித்துவிடுவார். தொண்டையில் நின்றது வேறு.

மகள் கல்யாணம் செய்துகொண்ட செய்தி போனில்தான் வந்தது. அன்றிலிருந்து மனைவி மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. "அவருக்கு சூப் வேணுமான்னு கேளு" என்பாள் மகளிடம். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மாப்பிள்ளை, "வேணும்னு சொல்லு" என்பார், அவரும் மகளிடம். மகள் இரண்டு பக்கமும் சொல்லி முடிப்பதற்குள் அவள் தட்டில் சூப் ஆறிவிடும். இந்த வீட்டுக்கு வந்து போகத் தொடங்கியதிலிருந்து அவள் சூடாகச் சாப்பிட்டதை அவர் பார்த்ததில்லை. மகளின் இந்தப் பாடு எப்போது தீரும் என்பதுதான் கொஞ்ச நாளாக அவருடைய ஒரே கவலை. லிஃப்டுக்கு மேலே இருட்டில் தனியாக உட்கார்ந்து கிரீஸ் போடும்போதும் அதைத்தான் யோசிப்பார்.

"இந்தக் கிழங்கு எங்க வாங்கினதுன்னு கேளு" என்றாள் மனைவி.

"எங்க வாங்கினீங்க?" என்றாள் மகள்.

"மாமாதான் கூடையில வச்சிருந்தாங்க."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருக்கிற மனிதனிடம் யாரும் பதில் எதிர்பார்க்க முடியாது.

"அவர் எந்தக் காலத்துல வாயைத் திறந்திருக்கார்" என்றாள் பெரியம்மா. "ஆனா நல்லாத்தான் இருக்கு. மேல மொறுமொறுன்னு."

மனைவி தன் தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கி நேராக நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்க, மாப்பிள்ளை" என்றாள்.

மகளின் கரண்டி பாதியில் நின்றது. மாப்பிள்ளை எழுந்து நின்று பரிமாறினார். உட்கார்ந்துகொண்டே பரிமாறலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வாயில் இருந்ததை விழுங்கினார். இனி இதைச் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டதும் பங்கு பிரிச்சிடலாம். நான் இருட்டறதுக்குள்ள கிளம்பணும்" என்றாள்.

"என்ன பங்கு, பெரியம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"டேலியாக் கிழங்குதான். உங்க மாமா கலர் கலரா துணி கட்டி வச்சிருப்பாரே, பார்க்கலையா?"

மாப்பிள்ளையின் கண்கள் மெல்லச் சமையலறைக் கொடிக்குப் போயின, அங்கிருந்து மாமனாரிடம் வந்தன. மாப்பிள்ளைக்கு நல்ல சிவப்பான முகம். அது வேகவைத்த கிழங்கின் நிறத்துக்கு வந்தது.

"தண்ணி" என்றார் லிஃப்ட் மெக்கானிக், எழுந்தபடி. "வாங்க, எடுத்துட்டு வரலாம்."

மேஜைமேல் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

சமையலறையில் இருவரும் கொடியின் கீழே நின்றார்கள்.

"மாமா, விஷமா?"

"விஷம்னா முதல்ல நான் போயிருக்கணும். நான்தான் ரெண்டாவது வாட்டி வாங்கினேன்."

"துணியைப் பார்த்தப்போ, நல்ல கடைச் சரக்கு போலன்னு நினைச்சேன் மாமா. கட்டித் தர்றாங்களேன்னு. நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க. இப்பதான் உங்ககிட்ட பேசியிருக்கா." அவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரத் துணிகளைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தார். "எல்லாத்தையுமா போட்டீங்க?"

"ஒண்ணை மட்டும் போடலை. ஒரே நார். கத்தி இறங்கலை." மாப்பிள்ளை குனிந்து கூடைக்குப் பின்னால் இருந்து ஒரு கிழங்குக் கொத்தை எடுத்தார். அதன் தண்டில் மஞ்சள் துணி.

லிஃப்ட் மெக்கானிக் வெகுநேரம் அதையே பார்த்தார்.

மஞ்சள் யாருக்கும் வேண்டாதது. பூ சாப்பாட்டுத் தட்டு அகலம், தண்டு பென்சில் தடிமன். பூத்த மறுநாளே தரையைப் பார்க்கும். ஊரில் உள்ள பூச்சியெல்லாம் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பங்கு பிரிப்பது என்றால் உண்மையில் மஞ்சளை யார் தலையில் கட்டுவது என்பதுதான். "போன தடவை நான் வச்சுக்கிட்டேன்" என்று இருவரும் சாதிப்பார்கள். தூக்கிப் போட மட்டும் இருவருக்கும் மனசு வராது.

அவர் மஞ்சளை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"எலி" என்றார்.

கிழங்கைப் பற்றி அவர் அன்று மேஜையில் சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

"எலின்னுதானே ஷெட்ல வைக்கலைன்னு நேத்து சொன்னீங்க" என்றாள் மனைவி.

அவர் நின்றார். பாக்கெட்டிலிருந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி புதிது, சாயம் போகிற ரகம். தொடைப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு மெல்லப் பெரிதாவதை நான்கு பேரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"அப்பா, ரத்தமா?" என்றாள் மகள்.

"சாயம்" என்றார்.

மாப்பிள்ளைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அத்தை, மாமாமேல தப்பில்லை. நான்தான். நாம சாப்பிட்டது அதுதான்."

வெளியே காற்றில் ஒரு இலை ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு, யோசித்து, விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மௌனம் பழக்கம். லிஃப்டில் யாரும் பேசுவதில்லை, அவர் வீட்டிலும் பேசாத நாட்கள் நிறைய. ஆனால் இந்த மௌனம் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருந்தது. மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம்.

மனைவியின் தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அவள் அதைக் கரண்டியால் தொட்டாள்.

"இது எது?"

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ஊதான்னு நினைக்கிறேன், அத்தை."

அவள் அந்தத் துண்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துச் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள்.

"வெள்ளைதான் எப்பவும் நல்லா வரும்" என்றாள் பெரியம்மா, பொதுவாக. பிறகு பழக்கதோஷத்தில் மஞ்சளைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். "இந்த வருஷம் உன் முறை."

தங்கையும் பழக்கதோஷத்தில் திருப்பித் தள்ளினாள். "போன வருஷம் நான்தான்…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மேஜைமேல் வேறு கிழங்கு இல்லை. இருவர் கையும் ஒரே நேரத்தில் மஞ்சள்மேல் விழுந்தது.

"நான் வாங்கினது" என்றாள் பெரியம்மா.

"சேர்ந்து வாங்கினது."

"நீ பையைப் பிடிச்சே."

"வேணும்னா ரெண்டா வெட்டித் தரட்டுமா?" என்றார் மாப்பிள்ளை. உதவி செய்கிற அவசரத்தில் கத்தியையும் எடுத்துவிட்டார்.

"கத்தியைக் கீழ வைங்க, மாப்பிள்ளை" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவர் வைத்தார்.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் பெரியம்மா. "எங்க வீட்டுல சமைக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. பத்திரமா இருக்கும்."

அதற்கு மறுப்புச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் யோக்கியதை இல்லை. தங்கை கையை எடுத்தாள். "குளிர் போனதும் கொண்டு வா. முளை தெரிஞ்சப்புறம் இங்க வச்சே வெட்டலாம்."

"ரெண்டு தடவை வரணும்ங்கறே."

"வந்தா என்ன, கால் தேய்ஞ்சிடுமா?"

பெரியம்மா கிழங்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் மூடவில்லை. தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் துணியோடு.

மனைவி தட்டுகளை அடுக்கினாள். மாப்பிள்ளை வாங்கிக்கொள்ள வந்தார். அவள் கொடுக்கவில்லை, விடவும் இல்லை. தட்டுகள் இருவர் கையிலும் இருந்தன.

"இனிமே கூடையில இருந்து எதை எடுத்தாலும் என்னைக் கேளுங்க."

"உங்களையா, அத்தை?"

"பின்ன யாரை? அவரைக் கேட்டு என்ன ஆச்சுன்னுதான் பார்த்தோமே." தட்டுகளை விட்டாள். "மிளகு கொஞ்சம் தூக்கல்."

"குறைச்சுக்கறேன், அத்தை."

மகள் தன் பங்குக் கிழங்கைச் சாப்பிட ஆரம்பித்தாள். முழுக்க ஆறியிருந்தது. ஆனால் நடுவில் யாரும் நிறுத்தவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் இன்னும் நின்ற இடத்தில்தான் நின்றார். சிவப்புத் திட்டு முழங்காலைத் தொட்டிருந்தது. மனைவி அவரைத் தாண்டி, அவரைப் பார்க்காமல், மகள் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவை பேன்ட்டை மாத்திட்டு வரச் சொல்லு. வர்றப்போ அந்தத் துணியைக் கொடியில போடச் சொல்லு."

மகள் வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "அப்பா…"

"கேட்டுச்சு" என்றார் அவர்.

"கேட்டுச்சாம், அம்மா" என்றாள் மகள்.