கடைசிக் கொதிகலன்

விடியல் கப்பலின் அடியில் எங்கள் ஆழத்துக்கு இறங்கி வருவதில்லை. மேலே ஹட்சன் நதி வெளுத்துக்கொண்டிருந்தபோது நானும் லெப்ரோனும் நாலாம் கொதிகலனின் எண்ணெய்க் குழல்களில் ஒன்றை உருவி, முனையில் இறுகிய கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தோம். சூடு கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறியது. லெப்ரோனின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எட்டுப் பேர் வேலையை நாலு பேர் பார்த்த கோடையில் நீராவி சுட்டது.

ஆள்குறைப்புக்கு நாங்களேதான் சம்மதித்தோம். பயணிகள் விமானத்துக்குப் போய்விட்டார்கள். செலவு குறைந்தால் எங்கள் கப்பல் 'ஹட்சன் க்ரவுன்' தொடர்ந்து ஓடும் என்று தலைமை இஞ்சினியர் ஹால்வர்சன் எங்கள் மேசையில் காபி குடித்தபடி சொன்னார். நம்பினோம். சினிமா நட்சத்திரங்கள் ஆடிய தளத்துக்கு அடியில், முதல் பயணத்திலிருந்தே எங்களோடு வியர்த்தவர் அவர்.

அன்று காலை இறங்கி வந்தார். பின்னால் கம்பெனி மேலாளர் விட்கோம்ப்.

"நாலாம் கொதிகலனையும் அணைச்சிடுங்கப்பா. ரிப்பேர்."

துறைமுகத்தில் நின்றாலும் இரண்டு பேர் காவலில் ஒரு கொதிகலன் எரியும். விளக்கும் அடுப்பும் அதில்தான். ரிப்பேர் என்றால் கரையிலிருந்து மின்கம்பி இழுத்த பிறகே அதை அணைப்பார்கள்.

"கரைக் கம்பி இழுத்தாச்சா, சீஃப்?" என்றான் லெப்ரோன்.

"அது... வேண்டியதில்ல."

"லைட்டே வேண்டாத கப்பலுக்கு என்ன ரிப்பேர்? பொணத்துக்குச் சவரமா?"

விட்கோம்ப் பொறுமையிழந்தார். "வித்தாச்சுய்யா. உடைக்கிறவங்க வாங்கிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் இறங்கணும்."

"என் விரலையும் சேத்து வித்தீங்களா சார்?"

"ஆஸ்பத்திரிச் செலவு குடுத்தோமே!"

நான் ஹால்வர்சனைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் தரைத்தகட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஆளைக் குறைக்கச் சொன்னப்பவே தெரியும்ப்பா."

லெப்ரோன் குழலைத் துடைத்தான். திரும்பச் செருகினான். தீ உள்ளே பாய்ந்து பிடித்தது. எண்ணெயை அடைக்கும் வால்வுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டே பேர். எத்தனை நேரம் முழிச்சிருப்பீங்க?" விட்கோம்ப் சிரித்தார்.

லெப்ரோன் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தான். மேலே சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவன் கீன். அவர்கள் எங்களை எலிகள் என்பார்கள். நாங்கள் அவர்களைப் பொம்மைகள் என்போம்.

"கீன், உன் பொம்மைங்ககிட்ட சொல்லு. கப்பலை வித்துட்டானுங்க. நாங்க தீயை அணைக்கல. ஆள் பத்தல."

போலீஸைக் கூப்பிடப்போவதாகச் சொல்லி விட்கோம்ப் ஏறிப் போனார். பிறகு இரும்பு ஏணியில் பளபளத்த கறுப்புக் காலணிகள் தெரிந்தன. ஒரு ஜோடி. அதன்மேல் இன்னொன்று. அதற்கும் மேல் நிறைய.

"எலிங்களா, எதைப் பிடிக்கணும்? சொல்லுங்க," என்றான் கீன்.

"வெள்ளைச் சட்டை பாழாகும், துரை," என்றான் லெப்ரோன்.

"யாருக்குப் பரிமாறப் போறேன் இனிமே? குடுடா."

தூரிகையைக் கொடுத்தோம். ஹால்வர்சன் ஏணியடியில் நின்றார். ஏறவும் இல்லை, எங்கள் பக்கம் வரவும் இல்லை.

மதியம் தாண்டியது. கீனின் ஆட்கள் மேல்தளங்களில் ஒரு விளக்கு விடாமல் போட்டுவிட்டு வந்தார்கள். கரையில் சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பட்டப்பகலில் விளக்கெரியும் கப்பலை நிமிர்ந்து பார்க்கிறார்களாம். கீழேயிருந்து எங்களால் அதைப் பார்க்க முடியாது. அழுத்தமானியின் முள் இறங்காமல் பார்த்துக்கொண்டோம்.