வெயில் நகர்வதற்குள்

அந்த வீட்டில் வெயில் பின்பக்க ஜன்னலுக்கு மட்டும்தான் வரும். அதுவும் அவள் பள்ளி வேனை ஓட்டிக் காலை நடையை முடித்துவிட்டு வந்து, துணியை ஊறப்போட்டு, அடுப்பைப் பற்றவைக்கும் நேரமாகப் பார்த்து வரும். அவளுடைய நுண்ணோக்கியோ விளக்கு இல்லாத பழைய ரகம். அடியில் ஒரு சின்னக் கண்ணாடி. கண் கூசாமலிருக்க அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தாள். வெயில் அதில் பட்டால்தான் உள்ளே ஏதாவது தெரியும். பள்ளியில் வேண்டாமென்று கழித்துக்கட்டியதைக் கேட்டு வாங்கி, துணி சுற்றிக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்திருந்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு அப்படியோர் ஆசை. நேரம்தான் வாய்க்கவில்லை. கணவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அவன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பான். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். வேனின் கிளட்ச் வேறு உயிரை வாங்கியது. ஜன்னலோரம் அவள் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டதுமே யாருக்காவது ஏதாவது தேவைப்படும்.

அன்றைக்கு வேன் நிறுத்துமிடத்துப் பக்கத்துக் குட்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி. உடம்பு முழுக்கக் கண்ணாடி. குடலில் பச்சையாக ஏதோ நகர்ந்தது. முதுகோரத்தில் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஒரு பைக்குள், கருப்புப் புள்ளியாகக் கண் வைத்த குட்டிகள் புரண்டன.

"அம்மா கூப்பிடறாங்க, காது கேக்கலையா?" கணவன் பின்னால் வந்து நின்றான். "வீடு இருக்கிற நிலைமைல உனக்குப் பூச்சி கேக்குதா?"

வேறொரு நாளாயிருந்தால் எழுந்திருப்பாள். இன்று நகரவில்லை.

"கொஞ்சம் பேசாம இருங்க. அது குட்டி போடுது."

"எது?"

"வந்து பாருங்களேன்."

சலித்துக்கொண்டுதான் குனிந்தான். தாய் வாலை மடக்கியது. முதுகிலிருந்து ஒரு குட்டி வழுக்கி வெளியே வந்தது. வந்த கணமே நீந்திப் போய்விட்டது. அதற்குள்ளும் ஓர் இதயம் அடித்தது. அவன் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, அச்சகம் மூடிய நாளிலிருந்து அவள் பார்க்காத ஒரு முகம் அவனுக்கு இருந்தது.

"இவ்வளவு நாளா இதையா பாத்துட்டிருந்தே?" "நீ பாரு. அம்மாகிட்ட நான் போறேன்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "என்னடா அங்க கூத்து?"

"குழந்தை பொறந்திருக்கும்மா."

"யாருக்குடா?"

அவன் சிரித்துவிட்டான். மாமியாருக்கும் பார்த்தாக வேண்டுமாம். உள்ளறைக்கு வெயில் எட்டாது. அவன் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலில் விழுந்த வெயிலை வாங்கி, கதவு வழியே உள்ளே திருப்பினான். இருட்டறைச் சுவரில் ஒரு வெளிச்சச் சதுரம் தள்ளாடி வந்து, அவள் கட்டிலருகே இழுத்துப்போட்ட ஸ்டூலில் நின்றது. அவள் தலையணைகளை அடுக்கி மாமியாரைச் சற்றே ஒருக்களித்துச் சாய்த்து, நுண்ணோக்கியை அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள்.

வாய் ஓயாத அந்தம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "இத்தனூண்டு உடம்புக்குள்ள இவ்வளவையும் யாரும்மா வச்சது?"

அவள் பூச்சி நடுவில் நிற்கும்படி தகட்டை மெல்ல நகர்த்தினாள்.

"இன்னொண்ணு வெளிய வருது. டேய், கையை ஆட்டாதடா."

"கை வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

மழலையர் வகுப்புப் பிள்ளைகளை நண்பகலில் அழைத்துவர நேரமாகிவிட்டது. "அத்தை, நான் வண்டி எடுக்கணும். சாப்பாடு இன்னும்..."

"நீ போயிட்டு வா," என்றார் மாமியார், கண்ணை எடுக்காமல். "இங்க நாங்க பாத்துக்கறோம்."

அன்று அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப் போயிற்று. கிளட்ச் வழக்கம்போல் முரண்டு பிடித்தது. கணவனுக்கு வேலை கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின. ஆனால் மறுநாள் அவள் துணியை ஊறப்போடப் போனபோது வாளி அவன் கையில் இருந்தது.

"வெயில் வந்தாச்சு, போ," என்றான்.