ஓசிக்காரர்களுக்குப் பன்னிரண்டு வாக்கியம்

எங்கள் ஆன்லைன் விளையாட்டு இனி இலவசம் என்று அறிவிப்பு வந்த அன்றே மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். ஓசியில் கிடைப்பதற்குக் காசு கட்ட எனக்கென்ன பைத்தியமா? அண்ணனும் நிறுத்தியிருந்தான்; காசு கட்டுகிறவர்கள் பெயரைச் சுற்றி வரும் தங்க விளிம்பு அவன் பெயரில் இல்லை. இந்த விஷயத்தில் நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

ஓசிக்குள் ஒரு கொக்கி இருந்தது. காசு கட்டாதவர்கள் இனி விளையாட்டுக்குள் எதையும் எழுத முடியாது. விளம்பரம் போடுகிறவர்களைத் தடுக்கவாம். பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு வாக்கியங்களில் ஒன்றைத் தொட்டு அனுப்பலாம். ‘நன்றி’, ‘பின்வாங்கு’, இப்படி.

அண்ணனும் நானும் நேரில் பேசி எட்டு மாதம். அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை விட்ட நாளில், நான் போய்ச் சேருவதற்குள் எங்கேயோ லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று போன் வந்து கிளம்பிப் போனான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்க, “உனக்கு லிஃப்ட்தானே அப்பா, அங்கயே போய் அழு” என்றேன். என் வாய் அப்படி. அவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

விளையாட்டில் மட்டும் விட்டுப்போகவில்லை. அவன் கேடயம் பிடித்து முன்னால் நிற்பான், நான் பின்னால் நின்று காயம் ஆற்றுவேன். ஐந்து வருடப் பழக்கம். அவனுக்கு அடி விழுவதற்குள் என் விரல் போய்விடும். ‘வலப்பக்கம்’, ‘பொறு’ என்பதைத் தாண்டி அந்த எட்டு மாதத்தில் அவன் எதுவும் எழுதியதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும்தான் எழுத வழி இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இப்போது வாயைக் கட்டிவிட்டார்கள்.

இலவசமானதும் கூட்டம் சொல்லி மாளாது. கோட்டை வாசலில் புதுசுகள் காரணமே இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தன. அண்ணனுக்குக் கூட்டம் ஆகாது. மூன்றாம் நாள் மாலை கேடயத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ‘விடைபெறுகிறேன்’ என்று அனுப்பினான். இதையும் விட்டுப் போகிறான் என்று புரிந்தது.

பட்டியலைத் துழாவினேன். தெரியாமல் பூதத்தை எழுப்பிவிட்டவர்கள் அனுப்ப ஒன்று இருந்தது: ‘தவறு என்னுடையது.’ சுற்றி ஒரு பூதமும் இல்லை. தொட்டேன். அவன் நின்றான். ஒரே வாக்கியத்தை நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்ப விடுவார்கள். காத்திருந்து மறுபடி தொட்டேன். ஐந்தாவது தடவை ஒரு புதுசு ஓடிவந்து ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டது. ஒன்பதாவது தடவை அண்ணன் மறைந்துவிட்டான்.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தான். பெயரைச் சுற்றித் தங்க விளிம்பு. காசு கட்டியிருக்கிறான்! போன் பண்ண மனசு வராத மனுஷன், எனக்கு நாலு வரி எழுதுவதற்காக ஒரு மாதக் கட்டணத்தையே கட்டியிருக்கிறான்.

“லூசு” என்று ஆரம்பித்தான். “அன்னைக்கு என்னைப் போகச் சொன்னதே அப்பாதான். லிஃப்ட்டுக்குள்ள ரெண்டு பசங்க மாட்டியிருக்காங்கன்னு நான் போன்ல பேசினதைக் கேட்டுட்டாரு. எனக்கு ஒண்ணும் ஆகாது, போய்த் திறந்துவிட்டுட்டு வாடான்னாரு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

இரண்டு தடவை படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கியது. அப்பாவின் கடைசிப் பேச்சை எட்டு மாதமாக அவன் ஒருத்தன் மட்டும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான், என் ஒரு வாயால். பட்டியலில் இருந்த பன்னிரண்டில் எதுவும் அதற்குக் காணாது. போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினேன்.