நூற்று அறுபத்து மூன்று வெள்ளி

தீபாவளிக்கு மறுவாரம் அம்பாங்கானில் உள்ள தாமான் செம்பாக்கா குடியிருப்பில் ஒரே இரவில் இரண்டு வீடுகளைத் திருடர்கள் உடைத்தார்கள். நகை போயிற்று, லேப்டாப் போயிற்று, ஒரு வீட்டில் சமையல் கேஸ் தோம்பைக்கூட விட்டுவைக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் இதே பேச்சு. நான்காம் நாள் சங்கத் தலைவர் பிரேமநாதன் எழுதினார்: நுழைவாயிலில் தானியங்கித் தடுப்பு, எட்டு கேமரா, யாராவது வேலி தாண்டினால் எல்லார் போனிலும் அலாரம். பொருளாளர் விஜிதா பட்ஜெட் போட வேண்டும்.

விஜிதா சிரம்பானில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். கணக்குத் தெரிந்தவள் என்பதாலேயே இந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது.

சனிக்கிழமை காலை, இடம் பார்க்க மந்தினிலிருந்து ஷங்கர் என்ற கேமரா விற்பனையாளர் வந்தார். தாமானின் பின்பக்கம் விஜிதாவுக்கே சரியாகத் தெரியாது. காவல் சாவடியிலிருந்து காவலாளி தங்கராஜு தானாகவே எழுந்து வந்தார். அறுபத்தொரு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுகு போன பிறகு காவல் ஏஜென்சி மூலம் இங்கே வந்தவர். கோலா சாவாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒன்பது வருடமாகக் காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை காவல் இருக்கிறார்.

“இங்க வாங்க தம்பி. இந்த லோங்காங் பக்கம் வேலி விட்டுப்போச்சு. நான் போஸ்ட்ல நின்னா இது கண்ணுக்கே தெரியாது. இங்க கண்டிப்பா ஒன்னு போடணும்.”

ஷங்கர் சாக்கடை ஓரத்தைக் குறித்துக்கொண்டார். தங்கராஜு ஏணியைப் பிடித்தார். கேமராவை மறைக்கும் என்று ஒரு மாங்கிளையைப் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளினார். எந்த வீட்டுக்குப் பின்னால் விளக்கு எரிவதில்லை, எந்த மதிலில் ஆள் ஏறலாம், எல்லாவற்றையும் சொன்னார்.

“இத போட்டா எனக்கும் நிம்மதிலா மேடம். ராத்திரி நான் இல்லாதப்ப நடந்தாலும் என்னையதானே மொதல்ல கேக்கறாங்க.”

காரில் ஏறும்போது ஷங்கர் குரலைத் தாழ்த்தினார். “கார்டுக்குக் கட்டற காச இதுக்குத் திருப்பிடலாம் மேடம். நெறைய தாமான்ல அப்படித்தான் செய்யறாங்க.”

விஜிதா திரும்பிப் பார்த்தாள். தங்கராஜு வெட்டிய கிளையைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விலை வந்தது. தவணையும் கண்காணிப்புக் கட்டணமும் சேர்த்து மாதம் எண்ணூற்று மூன்று வெள்ளி. தங்கராஜுக்காக ஏஜென்சிக்குக் கட்டுவது மூவாயிரத்து ஐம்பது. தாமானில் அறுபத்து நான்கு வீடு. மாதத் தொண்ணூறு வெள்ளியை ஒழுங்காகக் கட்டுவது நாற்பத்தொரு வீடுதான். எப்படிக் கூட்டினாலும் நூற்று அறுபத்து மூன்று வெள்ளி குறைந்தது.

இரண்டே வீடு. கட்டாத இருபத்து மூன்றில் இரண்டு வீடு கட்டினால் காவல், கேமரா இரண்டும் நடக்கும்.

விஜிதா இரண்டு வாரம் வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாக ஏறினாள். ஒரு வீட்டில் டிவி ஓடியது, கேட்டைத் திறக்கவில்லை. வாடகைக்கு இருந்த ஒருவர் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னார். இன்னொருவர், “என் வீட்ட ஒடைக்கலையே,” என்றார். வள்ளிநாயகி என்ற தாதி மட்டும் உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தாள். “இந்த மாசத்துக்கு வெச்சிக்குங்க அக்கா. அடுத்த மாசம் சொல்ல முடியாது.”

கூட்டத்தில், கட்டுகிறவர்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளி கூட்டிக் கொடுக்கலாம் என்று விஜிதா சொன்னாள்.

“அஞ்சு வெள்ளி பெரிசில்ல விஜிதா,” என்றார் பிரேமநாதன். “கட்டாதவனுக்கும் சேர்த்து நாங்க எத்தன வருஷம் கட்டறது?”

“அப்ப கேமராவ ஆறா கொறைக்கலாமா அங்கிள்?”

“பேக்கேஜே எட்டுதான்.”

“திருட்டு நடந்தப்ப கார்ட் எங்க இருந்தாரு?” பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“வீட்லதான். நாமதானே அவர பகலுக்கு மட்டும் வெச்சிருக்கோம்,” என்றாள் விஜிதா.

கார்டை நிறுத்திவிட்டுக் கேமரா போடலாமா என்று பிரேமநாதன் கேட்டார். கைகள் உயர்ந்தன, முப்பத்து மூன்று. ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதை விஜிதா பார்ப்பதால் அவளே தகவலைச் சொல்லிவிடட்டும் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அவள் முதலில் தங்கராஜுக்கு வேறு இடம் கேட்டு ஏஜென்சிக்குப் போன் செய்தாள். அறுபது தாண்டியவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்புவதில்லை, அங்கே யாரும் குறை சொல்லாததால் விட்டுவைத்திருந்தோம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை சாவடி வாசலில் நின்று சொன்னாள். தங்கராஜு கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு கார் வந்தது. தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு, நம்பரை எழுதிவிட்டுத் திரும்பி வந்தார்.

“அந்தக் கேமரா தம்பி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மேடம்.”

“எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணே. நானும் சொல்லல.”

அவர் கார் நம்பர் புத்தகத்தை மூடினார். “மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க.”

திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசி நாளன்று அவர் ஒன்றே ஒன்று கேட்டார். ரந்தாவில் ஒரு சாமான் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம், சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் வேண்டும். “வயச மட்டும் போட்டுறாதீங்க மேடம்.”

விஜிதா மலாயில் எழுதினாள். நேர்மையானவர், ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் சொல்லாமல் லீவு போடாதவர். வயதை எழுதவில்லை. ஆனால் அடையாள அட்டையின் ஐ.சி. நம்பர் இல்லாமல் கடிதம் செல்லாது; அது அறுபத்து நான்கு என்றுதான் தொடங்கியது. பிறந்த வருடம் அது என்று யாருக்குத் தெரியாது? தங்கராஜு அந்த வரியில் விரலை வைத்து, எடுத்து, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து விஜிதா போன் செய்தபோது அவர் மனைவி பஞ்சாலை எடுத்தாள்.

“கடிதத்த வாங்கிப் பாத்துட்டு, நாங்களே கூப்பிடறோம்னு சொன்னாங்களாம்மா. அவரு எங்கயும் போறதில்ல. போன பக்கத்துல வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. இப்பத்தான் குளிக்கப் போனாரு. நீங்க கூப்பிட்டதும் அவங்கதான்னு ஓடி வந்தாரு.”

அவரிடம் கொடுக்கட்டுமா என்று பஞ்சாலை கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வந்த விஜிதா, “குடுங்க,” என்றாள்.