ஷஹர்பானின் தண்ணீர்க் கடிகாரம்

எங்கள் பள்ளியிலிருந்து அறிவியல் மேளாவுக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஜோயலின் எரிமலை, அவன் அப்பா கோட்டயத்தில் விலைக்கு வாங்கியது, புகையும், குமுறும். ஷஹர்பானிடம் இருந்ததெல்லாம் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும், நர்ஸ் வேலை பார்க்கும் உம்மா கொடுத்த சலைன் குழாயும்தான்.

மேல் பாட்டிலிலிருந்து குழாய் வழியாகக் கீழ் பாட்டிலுக்குத் தண்ணீர் சொட்டும். வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று, பள்ளிச் சமையலறையில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சும் குடிதண்ணீரைப் பிடித்து வந்தாள். ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. முதல் பீரியடில் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கீழ் பாட்டிலில் ஐந்து நிமிடத்துக்கொரு கோடு போட்டாள். வேறு யாராவது என்றால் ஸ்கேல் வைத்து வரிசையாக இழுத்துவிட்டு விளையாடப் போயிருப்பார்கள். இவள் கண்ணெடுக்கவில்லை. மேல் பாட்டிலில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் வேகமும் குறைந்தது; மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கின. அப்போதே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கடைசி பீரியடில் ஹெட்மிஸ்ட்ரஸ் அன்னக்குட்டி டீச்சர் வந்து உட்கார்ந்தார். காலையில் சொட்டிய அதே தண்ணீரை ஷஹர்பான் மறுபடி மேலே ஊற்றித் திறந்தாள். மணி அடிக்கும்போது கடைசிக் கோட்டைத் தொட வேண்டும். மணி அடித்தது, தண்ணீர் இரண்டு கோடு கீழேயே நின்றது.

"டீச்சரே, இது கடிகாரம் இல்ல, பாசஞ்சர் வண்டி!" என்றான் ஜோயல். வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்னக்குட்டி டீச்சருக்கு இளகிய மனசு. "போகட்டும் மோளே. கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுடு, சரியாயிடும்."

"அப்போ காலையில பொய் சொல்லுமே டீச்சர்."

"ரெண்டு வேளையும் சரியா ஓடினாத்தான் மேளாவுக்கு. இல்லைன்னா எரிமலைதான், பாத்துக்கோ."

அவள் கண் கலங்கிவிட்டது. பாட்டிலை எடுத்துப் போகக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆறிப் போச்சு! காலையில சூடா இருந்துச்சு டீச்சரே!"

மறுநாள் இரண்டு ஜோடி பாட்டில். ஒன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய பதிமுகத் தண்ணீர், மற்றதில் ராத்திரியே ஆற வைத்தது. ஒரே நேரத்தில் திறந்தாள். சூடானது முந்திக்கொண்டு ஓடியது.

"அந்தக் குழாய் ஓட்டை பெருசு" என்றான் ஜோயல்.

"மாத்திப் போடுடா நீயே."

அவனே குழாய்களை மாற்றிப் போட்டான். மறுபடியும் சூடுதான் முந்தியது.

"இதுல எதுடி சரியான நேரம் காட்டுது?" என்றார் அன்னக்குட்டி டீச்சர்.

"ரெண்டும் இல்ல டீச்சர். ஆறின தண்ணியில புதுசாக் கோடு போடணும். காலையும் சாயங்காலமும் ஆறினதே ஊத்தணும்."

அப்படியே செய்தாள். இரண்டு வேளையும் மணியும் தண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"மேளாவுல இதைக் காட்டிடு. முதல்ல தப்பாப் போனதை யாருகிட்டயும் சொல்லாதே" என்றார் அன்னக்குட்டி டீச்சர், அவள் பெயரை எழுதிக்கொண்டே.

"அதைச் சொல்லத்தானே டீச்சர் போறேன்."

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். ஊதி ஊதிக் குடித்திருக்கிறேன், ஆற வைத்தும் குடித்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு தண்ணீர் என்று எனக்குச் சொல்ல இந்தப் பெண் வரவேண்டியிருந்தது.